யாரும் போகாதே என்று சொல்லவில்லை

வேலை இல்லாத ஒருவனுக்கு ஒரு நாளில் எவ்வளவு வேலை இருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்கள், அந்தக் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குப் போய்ச் சின்னவனோடு ஒரே ஒரு நாள் இருந்து பார்த்தால் போதும். மறுநாள் கால் வலிக்கும்.

அம்மா ஆஸ்பத்திரி லாண்டரியில் காலை ஷிஃப்ட். ஐந்தரைக்கே கிளம்பிவிடுவாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் சின்னவன் எழுந்துவிடுவான். முதலில் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். பிறகு பாத்ரூம், பல், முகச்சவரம், சட்டை. நகரப் பேருந்து ஓட்டியவர் அப்பா. டிப்போவிலேயே பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய், பாதிதான் திரும்பி வந்தது. மிஞ்சிய பத்து இருபது சொற்களை அளந்து அளந்துதான் செலவழிப்பார். "சரி", "போதும்", "ஏன்" – அவ்வளவுதான்.

அப்பாவை முடித்த கையோடு அக்காவின் மகளை எழுப்ப வேண்டும். அக்காவின் கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை வந்து, பழகுவதற்குள் கிளம்பிவிடுவார். அதனால் அக்காவும் மகளும் இங்கேயேதான். அக்கா இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வாடிக்கையாளர் பிரிவு. காலை எட்டு மணிக்கு ஒரு கையில் செருப்பும் ஒரு கையில் போனுமாக ஓடுவாள். குழந்தைக்கு இரட்டைப் பின்னல் போடுவது மாமாவான சின்னவன்தான். வகிடு கோடு போட்டதுபோல இருக்கும். "யாருங்க பின்னி விடறது?" என்று பள்ளிக்கூட வாசலில் மற்ற அம்மாக்கள் கேட்டால் குழந்தை பெருமையாக அவனைக் கைகாட்டும். அவன் வானத்தைப் பார்ப்பான்.

பள்ளியில் விட்டுவிட்டு வந்தால் அப்பாவுக்குக் கை கால் பயிற்சி. வாரத்தில் மூன்று நாள் பிசியோதெரபி. லிஃப்ட் கிடையாது. ஐம்பத்து நான்கு படி. அப்பாவின் இடது கை கைப்பிடியில், வலது கை சின்னவனின் தோளில். இறங்க இருபது நிமிஷம், ஏற அரை மணி நேரம். ஒன்றரைக்குக் குழந்தையைக் கூட்டி வர வேண்டும். இதற்கு நடுவில் தண்ணீர் மோட்டார், மின்சார அலுவலகம், மருந்துக்கடை.

இது போதாது என்று அக்கம்பக்கம் வேறு. இரண்டாவது மாடி ரிட்டயர்டு டீச்சருக்குக் குழாய் ஒழுகினால் பிளம்பர் வரும்வரை அவன்தான் காவல். பார்சல் கொண்டு வருகிற பையன்கள் வீட்டு எண்ணைக்கூடப் பார்ப்பதில்லை, நேராக மூன்றாவது மாடிக்கு ஏறிவிடுவார்கள். "சின்னவன் வீட்லதான் இருப்பான், அவன்கிட்ட குடுத்துடுங்க" என்பது அந்தக் கட்டடத்தின் சட்டம் மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் வேலையைச் சொல்வதற்கு முன்னால் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "நீ சும்மாதானே இருக்கே?"

அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். பழைய நண்பர்கள் எப்போதாவது போன் செய்து "என்னடா பண்றே?" என்றால், ஒரு கையில் அப்பாவின் துணியை அலசிக்கொண்டே, "சும்மாதான்டா இருக்கேன்" என்பான்.

எப்போதும் இப்படி இருந்தவன் அல்ல. கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது, பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில், அப்பா விழுந்தார். ஆஸ்பத்திரியில் யாராவது ஒருவர் கூடவே இருக்க வேண்டும். அம்மா விடுப்பு எடுத்தால் வேலை போய்விடும். அக்காவுக்கு அப்போதுதான் நிறைமாதம். மிச்சம் இருந்தது அவன். பரீட்சையை அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், அவனும் நம்பினான். அடுத்த வருஷம் வந்தது, போனது.

அப்புறம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பார்சல் கிடங்கில் இரண்டு வருஷம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தான். ஊர்வாரியாகப் பெட்டி பிரிக்கிற வேலை. ஒருநாள் முகவரி படிக்கும் கண்ணுள்ள பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார்கள். அது தானே படித்து, தானே பிரித்துத் தள்ளியது. அறுபது பேர் ஒரே நாளில் வீட்டுக்குப் போனார்கள். அதோடு அவன் பகல் முழுக்க வீட்டு மனிதனாகிவிட்டான். ஆரம்பத்தில் நேர்காணல்களுக்குப் போனான். எங்கே போனாலும் ஒரே கேள்வி: "இவ்வளவு நாள் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?" அப்பாவைக் குளிப்பாட்டினேன் என்று சொல்ல வாய் வராது. மென்று விழுங்கிவிட்டு வந்துவிடுவான். மூன்றாவது வருஷம் போவதையே விட்டுவிட்டான்.

இருபத்தாறு வயதில் ஒரு அட்டை அவனை உலுக்கியது.

பள்ளிக்கூடத்தில் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். குழந்தையைக் கூட்டிப் போகிறவர்கள் படம் போட்ட அட்டை மாட்டிக்கொண்டு வர வேண்டும். அலுவலகத்தில் ஒரு பெண் கணினியில் விவரங்களைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"உறவு?"

"தாய்மாமன்."

"தொழில்?"

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான்.

"பிசினஸா?"

"இல்லைங்க."

"அப்ப?"

"வீட்ல... சும்மா."

பின்னால் வரிசையில் பன்னிரண்டு பேர். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தட்டினாள். இரண்டு நாள் கழித்து வழுவழுவென்று அட்டை வந்தது. படத்துக்குக் கீழே, "தொழில்: இல்லை." தினம் மதியம் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டும். அவன் அட்டையைத் திருப்பி மாட்டிக்கொண்டான். காவலாளி விடவில்லை. "சார், முன்பக்கம் தெரியற மாதிரி போடுங்க சார். ரூல்ஸ்." கூட இருந்த பெண்கள் அதைப் படித்தார்களோ இல்லையோ, அவனுக்கு ஊரே படித்த மாதிரி இருந்தது.

பிசியோதெரபி கிளினிக்குக்குப் பின் தெருவில் ஒரு தொழிற்பயிற்சி நிலையம். அப்பா உள்ளே படுக்கையில் இருக்கும் முக்கால் மணி நேரத்தில் அவன் அந்தத் தெருவில் நடப்பது வழக்கம். அந்த வாரம் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். ஒரு ஏசி இயந்திரத்தின் மேல்மூடியைக் கழற்றி மேஜைமேல் வைத்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் சுற்றி நின்று அதன் வயிற்றுக்குள் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷம் மூடிய பெட்டிகளையே தூக்கிப் போட்டவன் அவன். எந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் தெரியாது. இங்கே எல்லாம் திறந்து கிடந்தது. கால்கள் தாமாக அலுவலகத்துக்குப் போயின.

அலுவலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள்.

"ஒரு வருஷக் கோர்ஸ். ஏசி, ஃபிரிட்ஜ் ரெண்டும் வரும். வயசென்ன?"

"இருபத்தாறு."

"இருபத்தெட்டு வரைக்கும் எடுப்போம். காலைல ஒம்பதுல இருந்து மூணரை. நூத்துக்கு எம்பது வருகை இருக்கணும், இல்லைன்னா பேரை அடிச்சிடுவாங்க. கணக்கு எப்படி?"

"கூட்டல் கழித்தல் வரும்மா."

"பின்னம்?"

அவன் சிரித்தான். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு விண்ணப்பத்தை நீட்டினாள். அவசரத்துக்கு இன்னொரு எண் கேட்டிருந்த இடத்தில் அம்மாவின் எண்ணை எழுதினான்.

வீட்டில் சொன்னான். சண்டை வரும், குத்தல் பேச்சு வரும் என்று மனதில் பதில்களைத் தயார்செய்து வைத்திருந்தான். எதுவும் வரவில்லை. அம்மா முகம் மலர்ந்துபோயிற்று. அக்கா, "இதை எப்பவோ பண்ணியிருக்கணும்டா" என்றாள். அப்பா இடது கையால் மேஜையைத் தட்டினார். சந்தோஷப்பட்டு முடித்த பிறகுதான் ஒவ்வொருவர் வாயிலிருந்தும் "ஆனா" கிளம்பியது.

"ஆனா பாப்பாவை ஒன்றரைக்கு யாருடா கூட்டிட்டு வர்றது?" என்றாள் அக்கா.

"ஆனா எனக்கு ரெண்டு மணிக்குத்தானே ஷிஃப்ட் முடியும்?" என்றாள் அம்மா.

எந்த "ஆனா"விலும் பொய் இல்லை. யாரும் அவன்மேல் பொறாமைப்பட்டுச் சொல்லவில்லை. எல்லோருக்கும் அவன் நன்றாக வர வேண்டும், ஆனால் எல்லோருக்கும் அவன் காலை எட்டிலிருந்து மதியம் மூன்று வரை வீட்டிலும் வேண்டும்.

கடைசியில் அப்பா வாயைத் திறந்தார். "போ."

எப்படியோ முட்டுக்கொடுத்து ஒரு ஏற்பாடு செய்தார்கள். குழந்தை பள்ளியிலேயே இரண்டரை வரை காத்திருக்கும், அம்மா வேலை முடிந்து வரும்போது கூட்டி வருவாள். இரண்டாவது மாடி டீச்சர் பதினோரு மணிக்கு ஒரு நடை ஏறி அப்பாவை எட்டிப் பார்ப்பார். பிசியோதெரபிக்காரர்களிடம் மாலை நேரம் கேட்டு வாங்கினான். அப்பாவின் பக்கத்தில் போன், ஊன்றுகோல், தண்ணீர், பிஸ்கட்.

முதல் நாள் சின்னவன் வகுப்பறைக்குள் நுழைந்ததும் உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பத்தொன்பது வயசுப் பிள்ளைகள் அத்தனை பேரும் சடாரென்று எழுந்து நின்று, "குட் மார்னிங் சார்!" என்றார்கள். இவன் திரும்பிப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தான். யாரும் இல்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்கு விஷயம் புரிந்தது. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கத்தில் இருந்தவன் எந்நேரமும் வாயில் எதையோ மென்றுகொண்டிருப்பான். அவனுக்குப் பெயரே பபிள்கம் என்று ஆகிவிட்டது. "தப்பா நெனைக்காதீங்க அண்ணே. சட்டையை இன் பண்ணி வந்தீங்களா, அதான்" என்றான்.

காப்பர் பைப் எல்லாம் பின்னக் கணக்கில்தான். கால் இஞ்சு, அரை இஞ்சு, எட்டில் மூன்று. "எட்டில் மூணு பெருசா, ரெண்டில் ஒண்ணு பெருசா?" என்று ஆசிரியர் கேட்டார். "எட்டில் மூணு" என்றான் சின்னவன், எண்கள் பெரியவையாக இருந்ததால். மறுபடி சிரிப்பு. காது சுட்டது. பபிள்கம் சாக்பீஸை எடுத்து பெஞ்சிலேயே ஒரு வட்டம் போட்டு எட்டாகப் பிரித்துக் காட்டினான். பதிலுக்கு, பைப் வெட்டும்போது பபிள்கமுக்குக் கோணலாகவே போகும். அதைப் பிடித்துக் கட்டரை மெதுவாகச் சுற்றி, விளிம்பில் ஒரு சிலும்புகூட இல்லாமல் வெட்டிக் கொடுத்தது சின்னவன். கை அவனுக்கு நன்றாக வந்தது. சாயங்காலம் பஸ்ஸில் நின்றபடியே தூங்கினான். அவ்வளவு அலுப்பு. ஆனால் அந்த அலுப்பு அவனுடையது.

எட்டு நாள் அப்படிப் போயிற்று.

ஒன்பதாவது நாள், மூன்றரைக்கு லாக்கரைத் திறந்து போனை எடுத்தபோது பதினான்கு தவறிய அழைப்புகள். பட்டறையில் போன் கூடாது என்பது அங்கே விதி.

டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போன சற்று நேரத்தில் அப்பா பாத்ரூமுக்குப் போயிருக்கிறார். வாளி தட்டிவிட்டது. கதவுக்கும் வாளிக்கும் நடுவில் விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. போன் கட்டிலில். மூன்று மணிக்கு அம்மா குழந்தையோடு கதவைத் திறக்கும்வரை மூன்று மணி நேரத்துக்கு மேல் ஈரத் தரையில் கிடந்திருக்கிறார். எலும்பு ஒன்றும் முறியவில்லை. முழங்கை வீங்கியிருந்தது. சின்னவன் மூச்சிரைக்க ஓடி வந்தபோது அவனைப் பார்த்து, "ஒண்ணுமில்ல" என்றார். அவருக்கு அது நீளமான வாக்கியம்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மா பாத்ரூம் தரையைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். அக்கா வந்ததும், "உன்மேல தப்பில்லடா" என்றாள். அவள் அப்படிச் சொன்ன பிறகுதான், தப்பு என்று ஒன்று அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

"நான் நின்னுடறேன்" என்றான் சின்னவன்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். வேண்டாம்டா, வேறு ஏதாவது வழி பார்க்கலாம் என்று ஒரு குரல், யாருடைய குரலாவது. அக்கா குழந்தையின் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அப்பா சுவரைப் பார்த்தார். அம்மா தட்டை எடுத்து வைத்தாள். "சாப்பிடு" என்றாள்.

யாரும் போகாதே என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. அவ்வளவில் அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

அதற்குப் பின் ஒரு வருஷம் எப்படிப் போயிற்று என்று கேட்டால், முந்தின வருஷம் போனது போலத்தான். ஒரே ஒரு வித்தியாசம். யாராவது "ஏன் மேல படிக்கலாமே, ஏதாவது கோர்ஸ் பண்ணலாமே" என்று ஆரம்பித்தால், இப்போது அவனிடம் கைவசம் ஒரு பதில் இருந்தது. "வீட்டு நிலைமைங்க." சொன்னதும் கேட்டவர்கள் வாயடைத்துப் போவார்கள். சிலர் தோளைத் தட்டிக்கூடக் கொடுப்பார்கள்.

அந்த வருஷம் முடிகையில் அம்மாவுக்கு அறுபது ஆயிற்று. லாண்டரியில் ஓய்வு கொடுத்து அனுப்பினார்கள். மூன்று நாள் பழக்கதோஷத்தில் விடியுமுன் எழுந்து, எங்கும் போக இடமில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான்காவது நாள் வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இனிமே நான் இருக்கேன்ல. நீ போய்ச் சேருடா" என்றாள்.

முட்டுக்கட்டை எதுவும் இல்லை. அம்மா பகல் முழுக்க வீட்டில், அப்பாவுக்குத் துணை இருக்கிறது, குழந்தையைக் கூட்டி வர ஆள் இருக்கிறது. சின்னவன் இன்று, நாளை என்று பத்து நாள் கடத்தினான். பிறகு அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் போனான். அதே மூக்குக்கண்ணாடி அம்மாள். நுழைவுத் தேர்வில் இரண்டு பின்னக் கணக்குத் தப்பு, மற்றதெல்லாம் சரி. "திங்கக்கிழமை வந்துடுப்பா" என்று சேர்க்கைச் சீட்டைக் கொடுத்தாள்.

வெளியே வரும் வழியில் பட்டறை. நீலநிற மேலங்கி போட்டு, இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, ஒருவன் பிள்ளைகளுக்கு ஏதோ செய்து காட்டிக்கொண்டிருந்தான். திரும்பினான். பபிள்கம்.

"அண்ணே! நீங்களா?" என்று ஓடி வந்தான். "நான் முடிச்சுட்டேன் அண்ணே. இங்கயே உதவி பயிற்றுநரா போட்டுட்டாங்க. நீங்க எந்த பேட்ச்?"

சேர்க்கைச் சீட்டு சின்னவனின் சட்டைப்பையில் இருந்தது.

"இல்லப்பா. சும்மா, ஒரு வேலையா இந்தப் பக்கம் வந்தேன்."

வீட்டுக்கு வந்ததும், "சீட் இல்லைன்னுட்டாங்கம்மா" என்றான். நாக்கு கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. அம்மா உச்சுக்கொட்டினாள். அக்கா, "அடுத்த தடவை பாக்கலாம்டா" என்றாள். அன்று மாலை ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது அவனுக்கு. அந்த லேசு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

அடுத்த வாரம் தொடங்கியதிலிருந்து அவன் அம்மாவோடு மல்லுக்கட்டினான். அவள் குழந்தையைக் கூட்டி வரக் கிளம்பினால், "வெயில்ல நீங்க ஏன், நான் போறேன்" என்பான். அவள் துணி துவைக்கப் போட்டால், அவன் உலர்த்துவான். டீச்சர் வீட்டு மின்விசிறி சத்தம் போடுவதாகக் காதில் விழுந்தால், கூப்பிடாமலே இறங்கிப் போவான். "ஏன்டா இப்படிக் கால்ல சக்கரம் கட்டிட்டுத் திரியறே?" என்றாள் அம்மா.

புதன்கிழமை காலை அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டிருந்தான். இடது கன்னம் முடிந்துவிட்டது. அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"பயமா?" என்றார்.

"என்ன பயம்?"

அப்பா அவனையே பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்தே ஓட்டிய கண்.

"எனக்கென்ன பயம்? நான் போயிட்டா உங்களை யாரு பாத்துப்பாங்க?"

அப்பா இடது கையைத் தூக்கிச் சமையலறையைக் காட்டினார். அங்கே அம்மா பாத்திரம் உருட்டிக்கொண்டிருந்தாள்.

சின்னவனுக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்ததோ தெரியவில்லை. "உங்களாலதான் நான் இப்படி நிக்கறேன்! காலேஜ் போச்சு, அந்தக் கோர்ஸ் போச்சு, எல்லாம் உங்களாலதான். என்னைப் பாத்து நீங்க பயமான்னு கேக்கறீங்களா?"

சொன்ன சொல் அறைக்குள் நின்றது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, மெதுவாக, முகத்தைத் திருப்பி மோவாயைத் தூக்கிக் காட்டினார். வலது கன்னம் இன்னும் பாக்கி இருந்தது. சின்னவன் அதையும் முடித்தான்.

மறுநாள் மொட்டைமாடியில் ஈரத்துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தபோது அம்மா மூச்சு வாங்க ஏறி வந்தாள். கையில் போன்.

"ஒரு அம்மா பேசினாங்க. உங்க பையன் திங்கக்கிழமையே வந்திருக்கணும், ஏன் வரலைன்னு கேக்கறாங்க. நாளைக்குத்தான் கடைசி நாளாம்."

அவன் சட்டையை உதறினான்.

"சீட் இல்லைன்னு சொன்னியேடா?"

அதே சட்டையை மறுபடி உதறினான்.

"எதுக்கு பொய் சொன்னே?"

"அங்க என்கூட உக்காந்திருந்த பையன்மா. என்னைவிட எட்டு வயசு இளையவன். அவன் இப்ப அங்க வாத்தியார் மாதிரி. அவன் முன்னாடி போய்த் திரும்பவும் பெஞ்சில உக்கார..." கொடியில் இருந்த கிளிப்பை நகர்த்தினான். "அதுவும் இல்லைம்மா. எல்லாத்தையும் விட்டுட்டுப் போய் எனக்கு வரலைன்னா? அப்ப என்ன சொல்லுவேன்? இப்பவாவது வீட்டு நிலைமைன்னு சொல்லிக்கலாம்."

அம்மா அவனைச் சமாதானப்படுத்துவாள் என்று நினைத்தான். அவள் முகம் அவன் பார்த்தறியாத விதமாகச் சிவந்தது.

"ஒரு வருஷமா எனக்குத் தூக்கம் இல்லைடா. எம்புள்ளை வாழ்க்கையை நாமளே தின்னுட்டோமேன்னு லாண்டரில போர்வை மடிக்கும்போது அழுதிருக்கேன். மத்தவங்க பாத்துடுவாங்கன்னு அந்தப் போர்வையிலயே தொடைச்சிருக்கேன். நீ என்னடான்னா எங்களை முன்னால நிறுத்தி வெச்சுட்டுப் பின்னால ஒளிஞ்சிட்டு இருந்திருக்கே!"

"ரெண்டும் நெஜம்தாம்மா" என்றான் அவன். "நீங்க என்னைப் புடிச்சு வெச்சதும் நெஜம். நான் ஒளிஞ்சதும் நெஜம்."

 எதிர்வீட்டுக் கூரைமேல் ஒரு பூனை நடந்து போயிற்று. அவன் கையிலிருந்த ஈரச் சட்டையை அம்மா வெடுக்கென்று பிடுங்கி அவளே கொடியில் போட்டாள்.

"இங்க உனக்கு வேலை இல்லை. கீழ போ" என்றாள்.

வெள்ளிக்கிழமை அவன் போனான். போகும் முன்னால் அப்பாவின் கட்டில் அருகே நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இரவெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொல்லாமல், தலையணையைச் சரிசெய்தான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டையை வெளியே இழுத்துவிடும்படி சைகை காட்டினார். அக்கா எப்போதோ அந்த "குட் மார்னிங் சார்" கதையை அவரிடம் சொல்லியிருக்கிறாள். சின்னவனுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இன் பண்ணிய சட்டையை வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினான்.

பபிள்கம் ஒன்றும் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டில் பெயரைக் கடைசியில் எழுதிக்கொண்டு, "வாங்கண்ணே, உங்க கை நல்ல கை" என்றான். வகுப்பில் எல்லோர் முன்னிலும் அண்ணே என்றே கூப்பிட்டான். அது மரியாதையா, வயதைக் குத்திக் காட்டுவதா என்று முதல் ஒரு மாதம் சின்னவன் மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. பிறகு அதற்கெல்லாம் நேரமில்லை.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது கதை. முதல் எழுத்துத் தேர்வில் அவன் தோற்றான். இரண்டாவதில் தட்டுத்தடுமாறித் தேறினான். பட்டறைக்கு வெளியே யாருடைய போன் மணி அடித்தாலும் அவன் உடம்பு தானாக எழுந்துகொள்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்து பன்னிரண்டு நாள் விடுப்பு எடுத்தான். அதோடு வருகை எண்பத்தொன்றில் வந்து நிற்கிறது. இன்னும் ஒருமுறை வலி வந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். ஐம்பத்து நான்கு படியில் அப்பாவை இறக்கி ஏற்ற அம்மாவால் ஆகவில்லை. மாலை நேரமும் கிளினிக்கில் இந்தமுறை கிடைக்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் இருந்த பிசியோதெரபி, அவனுக்கு வகுப்பில்லாத சனிக்கிழமை ஒருநாள் மட்டும் என்று ஆகிவிட்டது. தானே கரண்டி பிடித்துச் சாப்பிடத் தொடங்கியிருந்த அப்பாவின் வலது விரல்கள் மறுபடி மடங்கி இறுகிவிட்டன. ஒவ்வொரு மாலையும் சாப்பாட்டு மேஜையில் அம்மா ஊட்டுவதை அவன் எதிரில் உட்கார்ந்து பார்க்கிறான். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் பயிற்சி நிலையத்தில் ஒரு சுற்றறிக்கை கொடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமை தோறும் தொழிற்சாலைப் பயிற்சி, கட்டாயம்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதை நாலாக, எட்டாக மடித்து மடித்துப் பார்த்தான். தலைசுற்றல், வயிற்றுவலி என்று ஏதாவது சொல்லி ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒப்பேற்றலாம். அல்லது முன்பு செய்தது போல ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். நிற்பது எவ்வளவு சுலபம் என்று அவனுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் காகிதத்தை விரித்து மேஜைமேல் வைத்தான். அம்மா படித்துவிட்டு அக்காவிடம் தள்ளினாள். அக்கா படித்துவிட்டு அப்பாவின் முன்னால் வைத்தாள். அப்பா எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்க நேரம் பிடித்தது.  குழந்தை மட்டும் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே பென்சிலைத் திருகிக்கொண்டிருந்தது.

இந்தமுறை சின்னவன் காத்திருக்கவில்லை.

"நான் போகணும்" என்றான். குரல் அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நிறுத்தமாட்டேன். ஆனா அப்பாவையும் இப்படியே விட முடியாது. சனிக்கிழமை யாரு கூட்டிட்டுப் போறதுன்னு இப்பவே பேசிடுவோம்."

அக்கா அவனைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "சனிக்கிழமை எனக்கு அரைநாள் ஆபீஸ் இருக்கேடா" என்றாள்.

"மாத்திக் கேளுங்க."

"குடுக்கமாட்டாங்க."

"கேட்டுப் பாத்தீங்களா?"

அக்காவுக்குச் சுருக்கென்றது. "ஓஹோ, படிக்கப் போனதும் பேச்செல்லாம் வருது" என்றாள். ஆனால் போனை எடுத்து, ஷிஃப்ட் அட்டவணையைத் தேட ஆரம்பித்தாள். அம்மா, டீச்சரின் அண்ணன் மகன் ஒருத்தன் சனிக்கிழமை வருவானே, அவனைக் கேட்டால் என்ன என்றாள். அவனுக்கே முதுகுவலி என்றாள் அக்கா. அப்பா, "படி... நான்... மெதுவா" என்று ஏதோ சொல்ல வந்தார். மூன்று பேரும் ஒரே நேரத்தில், "நீங்க சும்மா இருங்க" என்றார்கள்.

சாப்பாடு ஆறிப்போகும்வரை பேசினார்கள். ஒன்றும் முடிவாகவில்லை.